இரவல் நகை

சிம்பாங் ரெங்கம் என்று சொன்னால் மலேசியாவில் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டுதான். ஒன்று அன்னாசி. இன்னொன்று, விசாரணையில்லாமல் ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாம். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றால், 2018-இல் கல்வியமைச்சரான மஸ்லி மாலிக் அப்போது எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2020 ஜனவரியில் அமைச்சர் பதவியிலிருந்து விலகிவிட்டார். பள்ளிப் பிள்ளைகளின் சப்பாத்து வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியதைத்தான் பலரும் அவர் காலத்து ஞாபகமாக வைத்திருக்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் நாடகம் போடுவதைப் பற்றி எந்தக் கல்வியமைச்சரும் பேசி நான் கேட்டதில்லை. நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான். ஆங்கில வகுப்பில் ஏழெட்டுப் பேராகப் பிரித்துவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு கதையை நடிக்கச் சொல்கிறார்களே, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் சுற்றியது என்பதைப் பற்றி.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்தில் இலக்கியப் பகுதி ஒன்று 2000-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் ஆங்கில இலக்கியம் என்பது தனியாக எடுத்துப் படிக்கும் சிலருக்கான பாடம். 2000-க்குப் பிறகு எல்லாருக்கும் உண்டு. கவிதை, சிறுகதை, நாவல். ஐந்தாம் படிவத்துக்கு மாநிலங்களை வட்டாரமாகப் பிரித்து மூன்று நாவல்கள் வைத்தார்கள். அதில் ஒன்று கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்'. கெடாவில் ஆஸ்பத்திரிச் சலவைக்காரரின் மகனாக வளர்ந்த தமிழர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அது. சிறுகதைப் பட்டியலில் மாப்பசானின் 'நெக்லஸ்' இருந்தது. நாடகம் மட்டும் இல்லை. ஆனாலும் நாடகம் நடந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதையை வரிவரியாக விளக்கிக் களைத்துப்போன ஆசிரியர்கள், "நீங்களே நடிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பட்டியலோடு வளர்ந்த முதல் வரிசை நாங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, பிறகு முதலாம் படிவத்துக்குப் போனவர்கள். புகுமுக வகுப்பு மலாய் மொழியைத் தேற்றுவதற்காக இருப்பது. ஆங்கிலத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆங்கில வகுப்பில் வாயே திறக்காமல் ஐந்து வருஷத்தைக் கடத்தினார்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பெயர் கூப்பிட்டால் "பிரசன்ட் டீச்சர்" என்று ஒரு தடவை. அவ்வளவுதான் அன்றைக்கான ஆங்கிலம்.

எங்கள் குழுவுக்கு 'நெக்லஸ்' வந்தது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு குமாஸ்தாவின் மனைவி பெரிய விருந்துக்குப் போக, பணக்காரக் கூட்டாளியிடம் வைர நகையை இரவல் வாங்குகிறாள். அது தொலைந்துபோகிறது. அதே மாதிரி இன்னொன்றைக் கடன்பட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்து வருஷம் உழைத்துக் கடனை அடைக்கிறாள். கடைசியில் தெரிகிறது, இரவல் வாங்கியது போலி நகை என்று. இதை டீச்சர் பிரான்ஸ், பாரிஸ், வர்க்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது வகுப்பில் பாதி தூங்கியது. நாயகியாக நடிக்க ஒப்புக்கொண்டவள் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் என்னிடம் தமிழில் சொன்னாள்: "இதுல புரியாததுக்கு என்னா இருக்கு? எங்கம்மா கழுத்துல கல்யாணத்தன்னைக்குக் கெடந்ததே பக்கத்து வீட்டு அக்கா சங்கிலிதான்."

அவளுக்கு வசனம் பன்னிரண்டு வாக்கியம். நாலு நாள் பள்ளி முடிந்த பிறகு பேருந்து நிறுத்தத்தில் நின்று மனப்பாடம் செய்தோம். பத்து வருஷ உழைப்பை எப்படிக் காட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. குழுவில் இருந்த சீனப் பையன் சொன்னான்: விளக்குமாற்றோடு வகுப்பைச் சுற்றி வரட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொருளைக் கழற்றி வைக்கட்டும் என்று. வளையல், ரிப்பன், கடைசியில் சப்பாத்து. கூட்டாளியாக நடித்தவள் "அது போலி" என்று சொன்னதும் நாயகி "ஓ நோ" என்று கத்த வேண்டும், டீச்சர் எழுதிக் கொடுத்தது அப்படி. அவள் கத்தவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வகுப்பில் சத்தமே இல்லை. படிக்கும்போது அந்த முடிவு வெறும் திருப்பம். அன்றைக்கு அது நாங்கள் கண்ணால் எண்ணிய பத்து வருஷம். நாடகம் என்றால் என்ன என்று பிற்பாடு பல புத்தகங்களில் படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக எதுவும் சொல்லவில்லை.

நான் கணவன் வேஷம். என் தாத்தா தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அரிச்சந்திரன் வேஷம் கட்டியவர். எனக்குத் தெரிந்த நடிப்பு அதுதான். வலது கையை உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் இழுத்துச் சொன்னேன். வட்டிக்காரனாக வந்த மலாய்ப் பையனும் அதே மாதிரிதான். கை உயர்கிறது, குரல் ஏறுகிறது, கண் உருள்கிறது. அவன் வீட்டில் யாரோ பங்சவான் பார்த்து வளர்ந்தவர்கள். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல், "ஏன் ரெண்டு பேரும் ராஜா மாதிரி பேசுறீங்க? நீ சாதாரண கிராணிப்பா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும்.

ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்காத இரண்டு பையன்களின் கை எப்படி ஒரே மாதிரி உயர்ந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்குப் பல வருஷம் ஆனது. பதில் இருந்த இடம் பம்பாய், அதுவும் ஓர் ஆங்கில வகுப்பு.

இந்தியாவில் ஆங்கிலக் கல்வி வந்த இடங்களிலெல்லாம் மாணவர்கள் ஷேக்ஸ்பியரை வாசித்ததோடு நிற்கவில்லை, நடிக்கவும் செய்தார்கள். கல்கத்தா இந்துக் கல்லூரியில் டி.எல். ரிச்சர்ட்சன் ஷேக்ஸ்பியரை உரக்கச் சொல்லவைத்தே பாடம் நடத்தினார். 1848-இல் அதே நகரத்தின் சான்ஸ் சூசி அரங்கில் வைஷ்ணவ சரண் ஆடி என்ற வங்காளி ஒத்தெல்லோவாக மேடையேறினார். வெள்ளைக்காரக் குழுவுக்கு நடுவில் ஓர் இந்தியர். பம்பாயில் நடந்தது இதைவிட நீண்ட விளைவுள்ளது. எல்பின்ஸ்டன் கல்லூரியின் பார்சி மாணவர்கள் 1860-களின் தொடக்கத்தில் குழு சேர்த்து ஆங்கில நாடகங்களை நடித்தார்கள். அதில் முன்னின்றவர் குன்வர்ஜி நாசிர். அதே ஆள் சில ஆண்டுகளில் விக்டோரியா நாடகக் கம்பெனியில் இருக்கிறார். மொழி இப்போது குஜராத்தியும் உருதுவும். ஷேக்ஸ்பியர் இருக்கிறார், ஆனால் பாட்டோடு. விக்டோரியா காலத்து மெலோடிராமாவின் கொடூர வில்லனும், கண்ணீர் விடும் நாயகியும், இடியும் மின்னலும் வரைந்த திரைகளும் அப்படியே இறங்கின. வகுப்பறையில் கற்றது பத்து வருஷத்துக்குள் டிக்கெட் விற்கும் தொழிலாகிவிட்டது.

அந்தக் கம்பெனிகள் ரயிலேறி இந்தியா முழுக்கப் போயின. கப்பலேறி இந்தப் பக்கமும் வந்தன. பினாங்கில் அவற்றை 'வாயாங் பார்சி' என்றார்கள். 1880-களில் பினாங்கிலேயே உள்ளூர் ஆட்கள் மலாய் மொழியில் அதைப் போல நடத்தத் தொடங்கியதுதான் பங்சவான். முதல் குழுவை அமைத்தவர் மாமா புஷி என்று அழைக்கப்பட்டவர். பங்சவானில் லைலா மஜ்னுவும் உண்டு, ஹாம்லெட்டும் உண்டு. தமிழ்நாட்டுக்கு வந்த பார்சிக் கம்பெனிகளின் திரைச்சீலையும் ஆர்மோனியமும் இந்துஸ்தானி மெட்டும் தமிழ்க் கம்பெனி நாடகத்துக்குள் போயின. தமிழ்க் கம்பெனிகளும், கம்பெனிகளில் பழகிய வாத்தியார்களும் மலாயா வந்தார்கள். தோட்டத்துக் கோயில் திடலில் என் தாத்தா கையை உயர்த்தியபோது அந்தக் கையில் தெருக்கூத்து பாதி, பார்சிக் கம்பெனி பாதி. மலாய்ப் பையனின் கையும் அப்படித்தான். இருவரும் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போனால், பம்பாய்க் கல்லூரிப் பையன்கள் ஆங்கிலம் பழக நடித்த அதே நாடகத்தில் போய் நிற்போம். இது என் ஊகம் கலந்த வரிசைதான், ஆனால் வரிசையின் ஒவ்வொரு கண்ணியும் நாடக வரலாற்றில் இருக்கிறது.

ஆக, எங்கள் டீச்சர் சிரித்தது ஆங்கில வகுப்பின் சொந்தப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான். பாவம், அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

தமிழில் ஆங்கில வகுப்பு செய்த நேரடி வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1891-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றை வைத்து 'மனோன்மணீய'த்தை வெளியிட்டார். அதே ஆண்டு சென்னையில், பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்குக் குழு நடித்ததைப் பார்த்துவிட்டு, இருபது வயதுகூட ஆகாத பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். முதலாவது வாசிப்பதற்கான நாடகம், ஆசிரியரின் மேசையில் பிறந்தது. இரண்டாவது ஒரு குழு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப்படுகிறது, 'மனோன்மணீயம்' பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஏனென்றால் சபைக்காரர்கள் ஹாம்லெட்டை வகுப்பில் படித்தவர்கள், ஆனால் அதைப் புரிந்துகொண்டது 'அமலாதித்ய'னாக ஒத்திகை பார்த்தபோது. 'வெனிஸ் வர்த்தகன்' 'வாணீபுர வணிக'னாகியது. 'மெக்பெத்' 'மகபதி'யாகியது. நடிப்பவனைக் கூத்தாடி என்று இளக்காரமாகப் பேசிய காலத்தில் வக்கீல்களும் பட்டதாரிகளும் அரிதாரம் பூசினார்கள். பம்மலுக்கு இணையாகப் பெண் வேஷம் கட்டிய ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். பம்மல் எழுதிய நாடகங்கள் தொண்ணூறைத் தாண்டும். 'நாடக மேடை நினைவுகள்' படித்தவர்களுக்கு அந்தச் சபையில் ஒத்திகை எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும்.

இங்கிலாந்தில் இதைப் பள்ளிக்கூட முறையாகவே மாற்றியவர்கள் கொஞ்சம் பிந்தித்தான் வந்தார்கள். சசெக்ஸில் சோம்ப்டிங் என்று ஒரு கிராமம். அங்கே 1897-லிருந்து 1910 வரை தலைமையாசிரியையாக இருந்தவர் ஹாரியட் ஃபின்லே-ஜான்சன். பிள்ளைகள் பெரும்பாலும் விவசாயக் கூலிகளின் வீட்டுப் பிள்ளைகள். வரலாறு, இலக்கியம் எல்லாவற்றையும் அவர்களே நாடகமாக்கி, அவர்களே உடை தைத்து நடித்தார்கள். பார்வையாளருக்காக நடிப்பதை அந்த அம்மா விரும்பவில்லை. எல்லாரும் நடிகர்கள், ஆசிரியர் கூட இருப்பவர், அவ்வளவுதான். 1911-இல் அதைப் புத்தகமாக எழுதினார். கூலிக்காரப் பிள்ளைகளுக்கு எழுத, வாசிக்க, கணக்குப் போடத் தெரிந்தால் போதும் என்று நினைத்த காலம் அது. சோம்ப்டிங்கைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஞாபகம்தான் வந்தது.

கேம்பிரிட்ஜில் பெர்ஸ் பள்ளியில் இருந்த கால்டுவெல் குக் இன்னும் கொஞ்சம் வசதியானவர். (நம்ம கால்டுவெல் இல்லை.) பையன்களுக்கென்று மேடை, திரை, விளக்கு எல்லாம் உள்ள ஓர் அறையையே அமைத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியரை மேசையில் வைத்து விளக்குவது இல்லை, கையில் புத்தகத்தோடு நேராக மேடையேற வேண்டியதுதான். வகுப்பை நடத்துவதும் ஒரு பையன், குக் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவருடைய 'தி ப்ளே வே' வெளிவந்தது 1917-இல். அடுத்த வருஷமே, 1918-இல், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்குகிறார். அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. ஒரு பக்கம் கேம்பிரிட்ஜ் பையன்கள் விளையாட்டாகக் கற்றார்கள். இன்னொரு பக்கம் மதுரையில் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து, பாட்டையும் வசனத்தையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, தப்பினால் அடி வாங்கிக் கற்றார்கள். பாய்ஸ் கம்பெனியை நான் புனிதப்படுத்த மாட்டேன், அங்கே பட்ட கஷ்டத்தை அந்த நடிகர்களே பின்னால் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் கூட்டமாக நாடகம் கற்ற பள்ளி ஒன்று இருந்தது என்றால் அது அதுதான். நம் கல்வி வரலாற்று நூல்கள் அதைப் பள்ளி என்று எண்ணுவதில்லை.

இரண்டையும் ஒரே வளாகத்தில் பார்க்க முடிந்தது இலங்கையில். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக் மாணவர் நாடகக் குழுவை வைத்து ஆங்கில நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றினார். அந்தச் சூழலில் இருந்த எதிரிவீர சரச்சந்திர 1956-இல் சிங்களத்தில் 'மனமே'யைச் செய்தார். அவர் எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற சிங்கள வடிவமே தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து போனது. பிறகு 1960-களில் பேராதனையில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களை வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்'. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு. மாணவர்கள் ஊரில் பார்த்த கூத்தை வளாகத்துக்கு வரவேற்க ஒரு பேராசிரியர் இருந்தார், அதுதான் வித்தியாசம்.

மலாயாவில் அது நடக்கவில்லை. இங்கேயும் எல்லாம் இருந்தது. கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாளில் நாடகம் இருந்தது. இளைஞர் மணிமன்றங்கள் நாடகம் போட்டன. அதே 1952-லிருந்து 1962 வரை லிவர்பூல் பக்கத்தில் கெர்க்பியில் மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி நடந்தது. மலாய், சீன, இந்தியப் பயிற்சியாளர்கள் சேர்ந்து அங்கே மேடையேறினார்கள். ஆனால் தோட்டத்துத் திடலும் ஆங்கில வகுப்பும் சந்திக்கவே இல்லை. 1970-இலிருந்து ஆங்கிலவழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறின. ஆங்கிலம் இரண்டாம் மொழி ஆனது. 1975-இல் மேல்நிலைப் படிவங்களுக்கு வந்த பாடத்திட்டம் வேலைக்கு உதவும் ஆங்கிலத்தை முன்னால் வைத்தது. இலக்கியம் போனது, அதன் இடத்தில் 'ரோல் ப்ளே' வந்தது. நீ ஹோட்டல் ஊழியர், அவர் வாடிக்கையாளர், பேசிக்கொள்ளுங்கள். வாயைத் திறக்கவைத்தது என்ற அளவில் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதை நாடகம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. அந்த ஹோட்டலில் யாருக்கும் எதுவும் தொலைவதில்லை.

2010-க்குப் பின் மாறிய இலக்கியப் பட்டியலில் ஒருவழியாக நாடகம் வந்தது. மேல்நிலைப் படிவத்துக்கு வைத்தது ஜான் டவுன்சென்ட் எழுதிய 'கல்ப் அண்ட் காஸ்ப்'. பத்தொன்பதாம் நூற்றாண்டு மெலோடிராமாவைக் கிண்டலாகத் திருப்பி எழுதியது. கெட்ட பிரபு, அப்பாவி நாயகி, பார்வையாளர்கள் 'பூ' என்று கத்த வேண்டிய இடங்கள். மெலோடிராமா என்றால் என்ன என்று ஆசிரியர்கள் வழிகாட்டி நூலைப் பார்த்து விளக்கினார்கள், ஏதோ புது வெளிநாட்டுச் சரக்கு மாதிரி. எந்தப் பையனின் தாத்தா அதைக் கோயில் திடலில் விடிய விடிய ஆடினாரோ, அந்தப் பையனுக்கு! வகுப்பில் யாராவது ஒருவர், "உங்க ஊர்ல இதை எப்படி நடிப்பாங்க, செஞ்சு காட்டு" என்று கேட்டிருந்தால் போதும். நாலு மொழியில் வில்லன் கிடைத்திருப்பான்.

பள்ளிகளுக்கிடையிலான ஆங்கில நாடகப் போட்டி இப்போதும் நடக்கிறது. ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே நன்றாக ஆங்கிலம் பேசுகிற பத்துப் பேர். கடைசி வரிசைக்குக் கிடைப்பது வகுப்பில் நடக்கிற நாடகம் மட்டும்தான். அதுவும் இப்போது தள்ளாடுகிறது. 2021 எஸ்.பி.எம். தேர்விலிருந்து ஆங்கிலத்தாளில் இலக்கியக் கேள்வி கிடையாது. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். பாடத்திட்டத்தில் மட்டும் 'லிட்ரேச்சர் இன் ஆக்‌ஷன்' என்று ஒரு பகுதி இருக்கிறது. மதிப்பெண் இல்லாததால் சுதந்திரமாக நாடகம் போடலாம் என்று ஓர் ஆசிரியர் நினைக்கலாம். மதிப்பெண் இல்லாததால் தாண்டிப் போகலாம் என்று இன்னொருவர் நினைக்கலாம். வேலைப்பளுவில் பெரும்பாலும் எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாலாம் படிவம் படிக்கிற அக்கா மகளிடம் கேட்டேன், வகுப்பில் நாடகம் ஏதாவது நடித்தீர்களா என்று. "எக்ஸாம்ல வராதுன்னு டீச்சர் விட்டுட்டாங்க மாமா" என்றாள். நாங்கள் நடித்ததைச் சொன்னேன். நெக்லஸ் கதையை முழுக்கக் கேட்டாள். போலி நகை என்று தெரிகிற இடத்தில் அவள் முகம் மாறவில்லை, தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"சரி, அந்தக் கூட்டாளிக்காரி கைல இப்ப நெசமான வைரம் இருக்குல்ல? அதைத் திருப்பிக் கொடுத்தாளா இல்லியா?"

கதையில் அது இல்லை என்றேன். 

"நீங்க நடிச்சப்ப என்னா செஞ்சீங்க?"

கூட்டாளியாக நடித்தவள் என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் நாயகியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.